சாப்பிடாமல் உட்கார்ந்த பிள்ளை

(காவல் தூதர்களின் நினைவு நாளான 2025 அக்டோபர் 2 அன்று காலை வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம். நற்செய்தி: மத்தேயு 18:1-5, 10)



இன்று பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாள். காலாண்டு விடுமுறை இன்னும் முடியவில்லை. காந்தி ஜெயந்தியும் சேர்ந்துகொண்டது. நம் இந்து சகோதர சகோதரிகளின் வீடுகளில் விஜயதசமி. சின்னஞ்சிறு பிள்ளையை மடியில் வைத்து, தட்டில் பரப்பிய அரிசியில் விரலைப் பிடித்து 'அ' எழுதவைப்பார்கள். பிள்ளை வீறிட்டு அழும். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். "இன்றைக்கு நாங்களும் எங்கள் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கலாமா ஃபாதர்?" என்று என் பங்கில் ஓர் இளம் தாய் கேட்டார். தாராளமாகச் சேருங்கள் என்றேன். நல்ல காரியத்தைத் தொடங்க நம் காவல் தூதர்களின் நாளும் நல்ல நாள்தான்.

இன்றைய நற்செய்தியில் சீடர்கள் இயேசுவிடம் ஒரு கேள்வியோடு வருகிறார்கள். விண்ணரசில் யார் மிகப் பெரியவர்? இயேசு உடனே பதில் சொல்லவில்லை. முதலில் ஒரு சிறு பிள்ளையைக் கூப்பிட்டு, அவர்கள் நடுவில் நிறுத்துகிறார். பேச்சு அதற்குப் பிறகுதான்.

குருமடத்தில் எங்களுக்கு விவிலியம் கற்பித்த பேராசிரியர் இந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, "அந்தப் பிள்ளை எங்கிருந்து வந்தது?" என்று கேட்பார். நாங்கள் விழிப்போம். இதே நிகழ்ச்சி கப்பர்நாகூமில் ஒரு வீட்டுக்குள் நடந்ததாக மாற்கு சொல்கிறார். பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த இடத்தில் கூப்பிட்ட குரலுக்கு வரும் தூரத்தில் நின்ற பிள்ளை அது. ஒருவேளை தண்ணீர் கொண்டுவந்து வைக்கும் பிள்ளையாகக்கூட இருக்கலாம். இயேசு பேசிய அரமேய மொழியில் 'தல்யா' என்ற சொல் பிள்ளையையும் குறிக்கும், வேலையாளையும் குறிக்கும். யாயிரின் மகளைக் கைப்பிடித்துத் 'தலித்தா' என்று எழுப்பினாரே, அது இதே சொல்லின் பெண்பால். ஓரத்தில் நின்று ஏவல் செய்கிற ஒன்றை நடுவுக்குக் கொண்டுவருகிறார் ஆண்டவர்.

மத்தேயுவின் பதினெட்டாம் அதிகாரம் முழுவதுமே குழும வாழ்வைப் பற்றிய பேருரை. வழிதவறிய ஆடு, தவறு செய்த சகோதரரைத் திருத்துவது, இரண்டு மூன்று பேர் கூடுமிடத்தில் ஆண்டவர் இருப்பது, எழுபது தடவை ஏழு முறை மன்னிப்பது எல்லாம் இந்த அதிகாரத்தில்தான் வருகின்றன. நான்கு நற்செய்திகளிலும் 'திருச்சபை' என்ற சொல் வரும் இடங்கள் இரண்டே. அதில் ஒன்று பேதுருவிடம் ஆண்டவர் பேசும்போது வருவது, இன்னொன்று இந்த அதிகாரத்தில். அப்படிப்பட்ட அதிகாரம் எந்தச் சட்டத்தோடும் தொடங்கவில்லை. பெரியவர்கள் நடுவில் கூச்சத்தோடு நிற்கும் ஒரு பிள்ளையோடு தொடங்குகிறது.

இனி நான் ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சென்ற மே மாதம்வரை நான் இருந்த பங்கில் ஓர் ஆர்.சி. தொடக்கப்பள்ளி உண்டு. அரசு உதவி பெறும் பள்ளி, ஒன்று முதல் ஐந்து வகுப்புவரை. பங்குத்தந்தை என்ற முறையில் நான்தான் தாளாளர். ஊர்ப் பெயர் சொல்லப்போவதில்லை. எந்தப் பங்கு, எந்தக் குடும்பம் என்று நீங்கள் தேடவும் வேண்டாம். தேடினால் உங்கள் ஊரிலேயே கிடைக்கும்.

தலைமையாசிரியை ஓர் அருட்சகோதரி. பிள்ளைகளிடம் இரக்க குணத்தை வளர்க்க ஒரு யோசனை செய்தார். ஓர் அட்டைப்பெட்டிக்கு வண்ணத்தாள் ஒட்டி, மேலே உண்டியல்போல வெட்டி, 'அன்புப் பெட்டி' என்று எழுதி வராந்தாவில் வைத்தார். யாருக்காவது ஒரு நன்மை செய்த பிள்ளை அதைச் சின்னத் தாளில் எழுதிப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நான் வாசிப்பேன். எழுதியவருக்குச் சட்டையில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவோம்.

நல்ல யோசனைதான். முதல் வாரங்களில் எனக்கும் மகிழ்ச்சி. "அவனுக்கு ரப்பர் கொடுத்தேன்", "மிஸ் கையிலிருந்து விழுந்த சாக்பீஸை எடுத்துக் கொடுத்தேன்", "கீழே விழுந்த பாப்பாவைத் தூக்கிவிட்டேன்." பிறகு தாள்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. நான்காம் வகுப்பில் இரண்டு நண்பர்கள் ஓர் ஒப்பந்தமே செய்துகொண்டார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. ஒருவன் பென்சிலைக் கீழே போடுவான், மற்றவன் எடுத்துக் கொடுப்பான். அடுத்த பாடவேளையில் முறை மாறும். இருவருக்கும் நட்சத்திரம்! பிள்ளைகள்மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. கோவில் சுவரில் நன்கொடையாளர் பெயரைக் கல்வெட்டில் பொறிக்கும் நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாது.

அந்தச் சமயத்தில்தான் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கு வந்தது. பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது நம் மாநிலத்தில் நீண்ட கதை. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளி ஒன்றில் தொடங்கியது, 1956இல் காமராசரின் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு என்று வந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவு தொடங்கியது. 2024 ஜூலை 15 அன்று, காமராசர் பிறந்த நாளில், ஊரகப் பகுதிகளிலுள்ள அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் தொடக்கப்பள்ளியில்தான் அதற்கான தொடக்கவிழா. நம் பள்ளி ஒன்றில் என்று எங்கள் சிஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை.

சமைப்பதற்கு மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து ஆள் எடுத்தார்கள். அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் தாயாக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் பள்ளிக்கு வந்தவர் எங்கள் பங்கைச் சேர்ந்தவரே. ஓடைக்கு அப்பாலுள்ள தெருவிலிருந்து விடியற்காலையில் வந்து அடுப்பு மூட்டுவார். அந்தத் தெருவை நாம் 'காலனி' என்போம். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக இந்த ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆவணத்திலிருந்து நீக்கிவிடலாம். நம் வாயிலிருந்து யார் நீக்குவது?

அவருடைய மகள் மூன்றாம் வகுப்பு.

முதல் சில நாள் எல்லாப் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். திங்கள் உப்புமா, புதன் பொங்கல், மேலே சாம்பார். பிறகு வரிசை குறைய ஆரம்பித்தது. ஒருவனுக்கு வயிறு சரியில்லையாம். ஒருத்தி வீட்டிலேயே தோசை சாப்பிட்டுவிட்டாளாம். இன்னொருவனுக்குச் சாம்பாரே பிடிக்காதாம். சாதி என்ற சொல்லை ஒருவரும் உச்சரிக்கவில்லை. இதே காரணத்துக்காகக் கரூர் மாவட்டத்திலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் 2023இல் பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் தடுத்து, அதிகாரிகளும் அமைச்சரும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டி வந்தது செய்தித்தாள்களில் வந்தது. எங்கள் ஊரில் அப்படிச் சத்தம் எதுவும் இல்லை. சத்தம் இல்லாததால் எனக்குத் தெரியவில்லை என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தேன். பங்குத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. நன்கொடை நோட்டின் முதல் பக்கத்தில் எந்தக் குடும்பங்களின் பெயர் இருக்கும் என்று எந்தப் பங்குத்தந்தைக்கும் தெரியும்.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை. காலை எட்டேகால் மணிக்குமேல் இருக்கும். பூசை முடிந்து பள்ளிப் பக்கம் போனேன். வராந்தாவில் பிள்ளைகள் எதிரெதிராக இரண்டு வரிசையில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சமைக்கும் தாயின் மகளுக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி. அவளுக்கு முன்னால் தட்டு இல்லை.

"ஏம்மா, சாப்பிடலையா?"

"வேண்டாம் ஃபாதர்."

"அப்புறம் எதுக்கு வரிசையில உக்காந்திருக்க? சாப்பிடுறவங்களுக்குத்தான் இடம். வகுப்புக்குப் போ."

எனக்கு அப்போது ஓர் எண்ணம்தான். எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று தினமும் கைப்பேசியில் கணக்கு ஏற்ற வேண்டும். வரிசையில் உட்கார்ந்த தலைகளும் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் கேள்வி வரும். அவள் எழுந்தாள், பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள், போய்விட்டாள். பக்கத்திலிருந்த பிள்ளை சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, பங்களாவுக்குப் போய் என் இட்லியைச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல் அன்புப் பெட்டியைத் திறந்தேன். ரப்பர், பென்சில், சாக்பீஸ் எல்லாம் வாசித்து முடிந்தது. கடைசியில் நான்காக மடித்த ஒரு தாள். பெயர் எழுதவில்லை. எல்லார் முன்னாலும் உரக்க வாசிக்கத் தொடங்கினேன்: "நான் சாப்பிட மாட்டேன். அவ கூட உக்காருவேன்." மூன்றாவது வரிக்கு வந்ததும் குரல் நின்றுவிட்டது. "இப்ப ஃபாதர் உக்கார விடல" என்று எழுதியிருந்தது.

பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. சிஸ்டருக்குப் புரிந்தது. ஒட்டுவதற்காகப் பிரித்த நட்சத்திரம் என் விரலிலேயே ஒட்டிக்கொண்டு இருந்தது.

பிறகு சிஸ்டர்தான் விவரம் சொன்னார். அந்தப் பிள்ளையின் வீட்டில் பாட்டி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், அங்கே கை நனைக்கக் கூடாது என்று. பிள்ளை பாட்டியின் பேச்சைத் தட்டவில்லை. ஆனால், பள்ளியில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு, தோசை சுடுவதற்கு முன்பே ஓடிவந்துவிடுகிறாள். வந்து, வெறும் வயிற்றோடு, தோழியின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக வராததால் தோழிக்கு அருகே இடம் காலியாகிக்கொண்டே வந்தது. அந்த இடத்தில்தான் இவள் உட்கார்ந்தாள். செடிக்குத் தண்ணீர் என்பது பொய்தான். அடுத்த ஆண்டு புதுநன்மைக்குத் தயாராக வேண்டிய பிள்ளை. இதைப் பாவசங்கீர்த்தனத்தில் வந்து சொன்னால் நான் என்ன பரிகாரம் கொடுப்பது என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

அன்பார்ந்தவர்களே, காவல் தூதர்களைப் பற்றிப் பேச வேண்டிய நாளில் நான் வேறு எங்கோ போய்விட்டதாக நினைக்காதீர்கள். நம் கத்தோலிக்க விவிலியத்தில் தோபித்து என்ற நூல் இருக்கிறது. பலர் வாசித்திருக்க மாட்டீர்கள், இந்த விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசியுங்கள். ஒரு மணி நேரத்தில் முடியும். அதில் ஒரு நாயும் வருகிறது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இளைஞன் தோபியாவோடு இரபேல் வானதூதர் ஒரு சாதாரண வழித்துணையாக நெடுந்தூரம் நடக்கிறார். இறுதியில் தாம் யாரென்று வெளிப்படுத்தும்போது அவர் சொல்லும் ஒரு செய்தியை நான் பல ஆண்டுகள் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன். அத்தனை நாளும் அவர்களோடு அவர் உணவருந்தியதாக அவர்கள் கண்டது வெறும் தோற்றமாம். உண்மையில் அவர் எதையும் உண்ணவில்லையாம். பந்தியில் கூட உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

குருமடத்தில் வானதூதர் இயலைத் தனிப் பாடமாகவே படித்தேன். ஒன்பது அணிகளின் பெயரும் இன்றும் மனப்பாடம். ஆனால், காவல் தூதரின் வேலை என்னவென்று என் பள்ளி வராந்தாவில் அந்தப் புதன்கிழமை பார்த்தேன், அடையாளம் தெரியாமல் வகுப்புக்கு விரட்டிவிட்டேன்.

இன்றைய வாசகத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஐந்தாம் வசனத்திலிருந்து நேராகப் பத்தாம் வசனத்துக்குப் போய்விடுகிறோம். நடுவில் விட்டுப்போன வசனங்களில்தான் அந்தக் கடுமையான பேச்சு இருக்கிறது. சிறியோரை இடறிவிழச் செய்பவனின் கழுத்தில் கழுதை இழுக்கும் பெரிய எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது அவனுக்கு நல்லது என்கிறார் ஆண்டவர். விழாவுக்கு அது பொருந்தாது என்று விட்டிருப்பார்கள். நாம் விட்டுவிட முடியாது. சிறியோரை இழிவாகக் கருத வேண்டாம் என்று பத்தாம் வசனம் சொல்கிறதே, அந்த இழிவைப் பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடிப்பதில்லை. நாம்தான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொடுக்கிறோம். "அவன் வீட்டுல தண்ணி குடிச்சியா?" என்ற ஒரு கேள்வி போதும். முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டால் அந்தக் கேள்வியும் தேவையில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். நாடே அதிர்ந்தது. அதன்பின் நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள், 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. நல்லது, கயிற்றை அறுக்கட்டும். ஆனால், பதினாறு பதினேழு வயதில் கையில் கயிறு கட்டியவன் ஏழு வயதில் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான், யாருக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று வீட்டில் கேட்டு வளர்ந்தான்? அந்த வயதில் அவன் படித்தது தொடக்கப்பள்ளி. அங்கே தாளாளரும் தலைமையாசிரியரும் இருந்திருப்பார்கள். என்னைப்போல ஒருவர் அங்கே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

பாட்டியின் கதைக்கு வருகிறேன். அவரைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். அந்தத் தெரு அன்பியத்தில் செபமாலையைத் தொடங்கிவைப்பவர் அவர்தான். அக்டோபர் வந்துவிட்டால் வீடு வீடாக மாதா சுரூபத்தைக் கொண்டுபோவதில் முன்னால் நிற்பார். யாருக்காவது உடம்புக்கு முடியாவிட்டால் கஞ்சி வைத்து எடுத்துப்போவார். மகனும் மருமகளும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்ய, பேத்தியை அவர்தான் வளர்க்கிறார்.

அந்த ஞாயிறு மாலை அவர் வீட்டுக்குப் போனேன். "ஸ்தோத்திரம் சாமி" என்று எழுந்து நின்று, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். காப்பி வந்தது.

"என்ன பாட்டி, பேத்தி காலையில வெறும் வயிறாப் பள்ளிக்கூடத்துக்கு வர்றாளே?"

"என்ன செய்ய சாமி, செடிக்குத் தண்ணி ஊத்தணும்னு ஓடிர்றா."

"அங்கேயே சாப்பிடலாமே."

கொஞ்ச நேரம் பேசவில்லை. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார்: "சாமி, கோவில்ல எல்லாரும் ஒண்ணுதான். நான் இல்லைங்கல. சமாதானம் சொல்றப்ப அவுகளப் பாத்தும் கையெடுத்துக் கும்புடுறேன். ஆனா அடுப்பு வேற சாமி."

நானும் படித்தவன்தான். அந்தியோக்கியாவில் நடந்தது எனக்குத் தெரியும். பேதுரு பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் உண்டு வந்தவர். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் அவர்களுக்குப் பயந்து பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே அவரைக் கண்டித்தார். கலாத்தியர் இரண்டாம் அதிகாரம். தலைமைத் திருத்தூதரே தடுமாறியது சாப்பாட்டுப் பந்தியில்தான். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் திருச்சபையில் தலித் மக்களின் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கை ஆவணமே வெளியிட்டது. என் அலமாரியில் அது இருக்கிறது. இவற்றில் ஒன்றையும் நான் அந்த வீட்டில் சொல்லவில்லை. பேசாமல் காப்பியைக் குடித்தேன். நல்ல காப்பி. திண்ணையின் ஓரத்தில் தனியாக ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது கண்ணில் பட்டது. அதையும் கேட்கவில்லை.

பவுல் பேதுருவிடம் பேசினார், நான் ஏன் பாட்டியிடம் பேசவில்லை? வீட்டுக்குத் திரும்பும் வழியில் எனக்கு ஒரு காரணம் தென்பட்டது. பள்ளியில் காலை உணவு தொடங்கி ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. தாளாளராகிய நான் பதிவேட்டைப் பார்த்திருக்கிறேன், அரிசி ரவை இருப்பைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் அங்கே உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. எனக்குச் சாதி எண்ணம் கிடையாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இருக்கலாம், கிடையாதுதான். ஆனால், அந்தத் தாய்க்கு அது எப்படித் தெரியும்? வரிசையில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? பாட்டியின் தட்டும் அங்கே இல்லை, என் தட்டும் அங்கே இல்லை.

1884இல் தொன் போஸ்கோ உரோமையிலிருந்து தூரினில் இருந்த தம் சபையினருக்கு ஒரு கடிதம் எழுதினார். சலேசியர்கள் அதை இன்றும் எடுத்துப் பேசுவார்கள். விளையாட்டு நேரத்தில் ஆசிரியர்கள் பிள்ளைகள் நடுவில் இல்லாமல் விலகி நிற்கிறார்களே என்பது அதில் அவருடைய பெரிய வருத்தம். பிள்ளைகள்மேல் நாம் வைத்திருக்கும் அன்பு பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் கருத்து. எங்கோ ஓரமாக நின்றுகொண்டு அன்பு செய்தால் யாருக்குத் தெரியும்?

மறுநாள் திங்கள். எட்டேகால் மணிக்குப் போய் அந்தச் சிறுமியைக் கூப்பிட்டேன். "இனிமே நீ இங்கயே உக்காரு" என்றேன்.

"சாப்பிடாமலா ஃபாதர்?"

"சாப்பிடாமலேதான்."

அவளை நம்பவைக்கச் சிறிது நேரம் ஆனது. அவளுக்கு அந்தப் பக்கம் நானும் உட்கார்ந்தேன். அந்தத் தாய் தட்டோடு வந்து தயங்கி நின்றார். "எனக்குக் கொஞ்சமாப் போதும்மா, சர்க்கரை இருக்கு" என்றேன். உப்புமாவைப் போட்டுவிட்டு அவர் திரும்பிப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விட்டார். அவர் ஏன் அப்படிப் போனார் என்று சிஸ்டர் பிறகு சொன்னார். அதை இங்கே சொல்ல வேண்டாம். சாப்பிட்டு முடித்து எழுந்திருக்கும்போதுதான் சிக்கல். எனக்கு முழங்கால் வலி. தரையில் கையை ஊன்றி நான் பட்ட பாட்டைப் பார்த்து இரண்டு வரிசையும் சிரித்தது. இரண்டு சிறுமிகளும் ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். அன்புப் பெட்டியில் அந்த வாரம் அதைப் பற்றி இரண்டு தாள் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. நட்சத்திரம் ஒட்டுவதை அந்த மாதத்தோடு நிறுத்திவிட்டோம். பெட்டி மட்டும் இருந்தது. தாள் குறைந்தது. பென்சில் கீழே விழுவதும் குறைந்தது.

நான் உட்கார்ந்ததால் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று சொன்னால் நீங்கள் மகிழ்வீர்கள். அப்படி நடக்கவில்லை. சில பிள்ளைகள் வந்தார்கள். சில வீடுகளில், "சாமி சாப்பிட்டா சாப்பிடட்டும், அவருக்கென்ன, நாளைக்கு மாத்தலாகிப் போயிருவாரு" என்று பேசினார்களாம். அவர்கள் சொன்னது சரிதான், மாற்றலாகி வந்துவிட்டேன். திருவிழா நன்கொடையும் அந்த ஆண்டு குறைந்தது. பங்குப்பேரவையில் கணக்கு வாசித்தபோது ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கொடியேற்றத்துக்கு அலங்கார விளக்கு ஒரு வரிசை குறைவு. மாதா அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மாலையில் பிள்ளை வந்ததும், என்ன மார்க், மிஸ் என்ன சொன்னார்கள் என்று கேட்கிறோம். கேளுங்கள். அதோடு இன்னொன்றும் கேளுங்கள்: இன்றைக்கு யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய்? பதில் எந்தப் பெயராக இருந்தாலும் முகத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இது சொல்வதற்கு எளிது. நானும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. யார் தனியாக இருக்கிறார்கள் என்று உங்களுக்குத்தான் முதலில் தெரியும். தாளாளரிடம் சொல்லுங்கள். அவர் கணக்கு நோட்டில் மூழ்கியிருந்தால் இரண்டாம் முறையும் சொல்லுங்கள்.

போன மாதம், தேர்வு தொடங்குவதற்கு முன்னால், பழைய பள்ளிக்குத் தொலைபேசியில் பேசினேன். சிஸ்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். இரண்டு பிள்ளைகளும் இப்போது நான்காம் வகுப்பு.

"நம்ம ஆளு சாப்பிடுறாளா சிஸ்டர்?"

"எங்க ஃபாதர், இல்ல. ஆனா இப்ப டப்பா கொண்டு வர்றா. வெறும் வயிறா ஓடுறாளேன்னு பாட்டி தோசை சுட்டு வச்சு விடுறாங்க. இங்க வந்து வரிசையில உக்காந்து, பாதித் தோசையை அந்தப் பிள்ளைக்குக் குடுத்துட்டு, மீதித் தோசைக்கு நம்ம சாம்பார வாங்கி ஊத்திக்கிறா. டப்பா நெறைய ஊத்திக்கிறா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாட்டிக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"டப்பாவக் கழுவுறது யாரு ஃபாதர்?" என்றார் சிஸ்டர்.

வருகிற திங்கட்கிழமை பள்ளிகள் திறக்கின்றன. காலையில் உப்புமா. நம் பள்ளிகளின் பிள்ளைகளையும், விடியுமுன் எழுந்து அவர்களுக்காக அடுப்பு மூட்டும் தாய்மாரையும், பேத்திகளை வளர்க்கும் பாட்டிமாரையும் எல்லாம் வல்ல இறைவன், தந்தை மகன் தூய ஆவியார், ஆசீர்வதிப்பாராக. ஆமென்.